தட்டைப் பெட்டியும் தளர்ந்த கண்ணும்

பொருள் வாங்கத் தெரிந்தவர், வாங்கத் தெரியாதவர் என மாந்தர் இருவகையினர். நான் இரண்டாம் வகையினன். புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால் அதன் தாளையும் கட்டையும் அச்சையும் நோக்கி அதன் பெறுமதியை ஒருவாறு சொல்லிவிடுவேன். மின்சாரத்தால் இயங்கும் பொருளாயின், அதன் முன்னே நான் அரிவரி மாணவன். பண்டிதன் என்னும் பட்டம் மின்செருகியின் முன்னே பயன்படுவதில்லை. இதனை முதலிலேயே ஒப்புக்கொள்கின்றேன். அரிவரி மாணவன் எழுதும் தொலைக்காட்சி இலக்கணம் இது. என்னோடொத்த மாணவர் சிலர் இப்பக்கத்தைப் படிப்போருள்ளும் இருப்பர் என்னும் துணிவே இதனை எழுதச் செய்தது.

இலங்கையிலே தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டு தொடங்கியது. ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரியில் வந்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் ஊரே அந்த வீட்டு முற்றத்தில் இருக்கும். பனையோடு போட்டியிடும் உயரத்தில் அன்ரனா நிற்கும். கடலுக்கு அப்பாலிருந்து தூரதர்ஷன் படம் காற்றடிக்கும் பக்கம் ஆடி ஆடி வந்து சேரும். அன்று எவரும் பெட்டியைத் தெரிந்தெடுக்கவில்லை. கிடைத்த பெட்டியே பெட்டி. இன்றைக்கோ கடைச்சுவர் முழுவதும் பெட்டி. தெரிவு பெருகியது, தெளிவு குறைந்தது.

எங்கள் வீட்டில் 21 அங்குலப் பழைய பெட்டி ஒன்று நெடுங்காலம் இருந்தது. முன்னே கண்ணாடி, பின்னே பெருவயிறு. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஓரிரவு அது கண்ணை மூடியது. எனக்கு அது பெரிய இழப்பன்று. என் தாயாருக்கு அவ்வாறன்று. அவருக்கு அப்பொழுது வயது எண்பத்திரண்டு. இரு கண்ணிலும் கண்புரைச் சத்திரசிகிச்சை நடந்தது. காதும் மந்தம். நானும் மனைவியும் மகனும் காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் போனால் இரண்டு மணிக்குத்தான் வீடு. அந்த ஏழு மணி நேரமும் அந்த வீட்டில் அம்மாவோடு பேசுவது அந்தப் பெட்டி ஒன்றே.

கனடாவில் இருக்கும் தம்பி தொலைபேசியில் வந்தான். “அண்ணை, சின்னனாய் வாங்கிப் போடாதேங்கோ. அறுபத்தைஞ்சு அங்குலமாய்ப் பாருங்கோ. காசு நான் அனுப்புறன்” என்றான். நான் கடைக்குப் போனேன். சுவரெங்கும் கிளிகளும் அருவிகளும் கண்ணைப் பறித்தன. பத்து நிமிடத்தில் ஒன்றைக் காட்டி, “இதைக் கட்டும் தம்பி” என்றேன். வீட்டுக்கு வந்த பெட்டியைப் பேரனாரின் படம் தொங்கும் உயரத்தில், அந்தப் படத்துக்கு நிரையாகச் சுவரில் மாட்டினோம். பார்க்க அழகாக இருந்தது. அதனைப் பார்ப்பவர் யார் என்பதை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை.

எட்டு மாதம் கழிந்தது. ஒரு நாள் காய்ச்சலோடு பதினொரு மணிக்கே வீடு திரும்பினேன். விறாந்தை தாண்டி உள்ளே வந்தால், இருண்ட திரைக்கு முன்னே கதிரையில் அம்மா இருக்கின்றார். மடியில் றிமோட்.

“அம்மா, ஏன் போடேல்லை?”

“போட்டால் என்னவோ எல்லாம் கேக்குது மோனை. ஒண்டை அமத்த வேறொண்டு வருது. பெடியன் பள்ளிக்கூடத்தாலை வரட்டும் எண்டு இருக்கிறன்.”

“எவ்வளவு நாளாய் இப்பிடி?”

“வாங்கின நாள் தொட்டு. உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல் எண்டுதான் சொல்லேல்லை.”

அன்று என் காய்ச்சல் பெரிதாகத் தெரியவில்லை. தாம் விரும்பியபோது திறக்கவும் மூடவும் அவருக்கு இருந்த ஒன்றை, இலட்சக் கணக்கில் பணம் கொடுத்து நான் பறித்துவிட்டேன். கடைக்காரர்மேற் குற்றமில்லை. அவர் நான் கேட்டதைத் தந்தார். கேட்கத் தெரியாமல் கேட்டவன் நான்.

அடுத்து வந்த ஐப்பசி இடிமழையில் அந்தப் பெட்டியும் மாண்டது. இடிமின்னலால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதனை உத்தரவாதப் பத்திரத்தின் சிற்றெழுத்தில் அன்றுதான் படித்தேன். இரண்டாம் முறை வாங்க நேர்ந்தது. இம்முறை மாணவனாக இருந்து சில பாடங்களைக் கற்றேன். அவற்றை முறையே சொல்லுகின்றேன்.

முதற்பாடம் அளவு. கடையில் சொல்லும் அங்குலம் அகலமுமன்று, உயரமுமன்று. அது மூலைக்கு மூலை இழுத்த மூலைவிட்டம். பழைய பெட்டியின் அகலமும் உயரமும் நாலுக்கு மூன்று. அதனால், பைதகரசின் தேற்றம் படித்த மாணவன் எவனும் கணக்கைச் செய்துவிடுவான்: மூலைவிட்டம் 21 என்றால் அகலம் ஏறத்தாழ 17, உயரம் ஏறத்தாழ 12½ அங்குலம். புதிய திரையோ பதினாறுக்கு ஒன்பது, அகன்று தாழ்ந்தது. 24 அங்குலப் புதியது ஒன்றின் உயரம் ஏறத்தாழ 11¾ அங்குலமே. 21இலும் 24 பெரிதுதானே என்று வாங்கினால், செய்தி வாசிப்பவரின் முகம் முன்னையிலும் சிறுத்துத் தோன்றும். பழைய பெட்டியின் உயரம் குறையாதிருக்க 26 அங்குலமாவது வேண்டும்.

பெரிதாக வாங்கிவிட்டாற் போதுமோ எனின், போதாது. கதிரைக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளத்தல் வேண்டும். அத்தூரம் மூலைவிட்டத்தின் ஒன்றரை மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரை இருத்தல் நன்று. அம்மாவின் கதிரை சுவரிலிருந்து ஏழு அடி. அஃதாவது 84 அங்குலம். இரண்டரையால் வகுத்தால் 34. ஒன்றரையால் வகுத்தால் 56. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது நமக்கு உரியது. தம்பி சொன்ன 65 எங்கள் அறைக்கு ஏன் பொருந்தவில்லை என்பது தையற்காரரின் அளவுநாடா ஒன்றினாலே விளங்கிவிட்டது. உயரமும் அப்படியே. இருக்கும்போது கண் நிற்கும் மட்டத்தில் திரையின் நடுப்பகுதி நிற்றல் வேண்டும். பேரனாரின் படத்தை அண்ணாந்து பார்க்கலாம். அது ஒரு கணம். செய்தியை அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து என்னாகும்?

இரண்டாம் பாடம் பெயர். எல்.ஈ.டி., கியூ.எல்.ஈ.டி., ஓ.எல்.ஈ.டி. என்று கடையில் மூன்று பெயர் சொல்வார்கள். எல்.ஈ.டி. என்பது ஒளிகாலும் இருவாயி. எல்.ஈ.டி. தொலைக்காட்சி என்றால் அந்த இருவாயியே படத்தைத் தீட்டுகின்றது என நான் எண்ணியிருந்தேன். அப்படியன்று. படத்தைத் தருவது திரவப் பளிங்குப் படலம். 1888ஆம் ஆண்டில் இறைனிற்சர் என்னும் ஒஸ்திரியத் தாவரவியலாளர் முதன்முதல் நோக்கிய விந்தைப் பொருள் வகை அது: நீர்போல ஓடும்; பளிங்குபோல ஒழுங்கு காட்டும். அது ஒளியை மறைக்கவும் விடவும் வல்லது, தானாக ஒளிராது. பின்னே விளக்கு வேண்டும். அந்த விளக்கே எல்.ஈ.டி. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகி வந்தது. வெற்றிலை நட்டான் என்பதுபோல இது சினையாகுபெயர்! நன்னூல் படித்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அந்த விளக்கும் எளிதில் வந்ததன்று. நீல ஒளி தரும் நல்ல இருவாயி இல்லாமையால் வெள்ளொளி நெடுநாள் கைகூடவில்லை. அதனை ஆக்கியவர்கள் அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா என்னும் மூவர். 2014ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. பெட்டியின் பெருவயிறு கரைந்தமைக்குக் காரணம், இலத்திரனை எறியும் நீண்ட கண்ணாடிக் குழாயின் இடத்தைப் பளிங்குப் படலம் பெற்றமை. அது மேலும் மெலிந்து ஏடுபோல் ஆனமைக்கு இச்சிறு விளக்குகளும் ஒரு காரணம்.

கியூ.எல்.ஈ.டி. என்பதும் பின்விளக்குடைய பெட்டியே. நிறத்தைத் தூய்மையாக்கும் மெல்லிய படலம் ஒன்று இடையிலே கூடுதலாக உண்டு. ஓ.எல்.ஈ.டி. வேறு சாதி. அதிலே பின்விளக்கு இல்லை. சேதனப் பொருளால் ஆய ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அணைந்தால் முழு இருள். ஆங்கில எழுத்தில் ஓவுக்கும் கியூவுக்கும் வேறுபாடு ஒரு சிறு வால். ஏட்டுச்சுவடியில் புள்ளியிடாத எழுத்தைப் படிப்பவன் எவ்வளவு விழிப்பாக இருப்பானோ, அவ்வளவு விழிப்பு இங்கும் வேண்டும். ஓ.எல்.ஈ.டி. படம் அழகியது, விலையும் பெரிது. ஆனால் நாள் முழுவதும் ஒரே செய்தி நிலையத்தைப் பார்ப்பவர் வீட்டில், மூலையில் அசையாது நிற்கும் அந்நிலையத்தின் சின்னம் காலப்போக்கில் திரையிலே தழும்பாகத் தங்கிவிடவும் கூடும். அம்மா அத்தகைய நேயர். எனவே பின்விளக்குப் பெட்டியே எங்களுக்குப் போதும் எனத் துணிந்தேன்.

மூன்றாம் பாடம் எண். “சேர், உது 4 கே” என்று கடைத் தம்பி சொன்னபோது, நான் கே என்றால் என்ன என்று கேட்க நாணித் தலையசைத்தவன். அது படப்புள்ளிகளின் கணக்கு. முழு எச்.டி. என்பது அகலத்தில் 1920, உயரத்தில் 1080. பெருக்கினால் ஏறத்தாழ 21 இலட்சம் புள்ளி. 4 கே என்பது 3840, 2160. ஏறத்தாழ 83 இலட்சம். நான்கு மடங்கு. ஆனால் அந்த நான்கு மடங்கையும் காணக் கண் வேண்டுமே! 43 அங்குல முழு எச்.டி. திரையில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். குறையற்ற கண்ணும் ஐந்தரை அடிக்கு அப்பால் அப்புள்ளிகளைப் பிரித்துக் காண்பது அரிது. ஏழு அடிக்கு அப்பால் இருக்கும் எண்பது வயதுக் கண்ணுக்கு 83 இலட்சமும் 21 இலட்சமும் ஒன்றே. விலை ஒத்திருந்தால் 4 கே வாங்குக, தீதில்லை. அதற்கென்று பெருந்தொகை கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

நான்காம் பாடம் ஒளி. கடையிலே பெட்டிகள் கடைக்கோலத்தில் நிற்கும். மண்டபத்து வெளிச்சத்தில் ஒன்றையொன்று வெல்லுதற்காக, ஒளியையும் நிறத்தையும் உச்சத்தில் ஏற்றி வைத்திருப்பார்கள். கலியாண வீட்டிலே பெண்ணைப் பார்ப்பது போன்றது அது. “தம்பி, வீட்டிலே பார்ப்பதுபோல மாற்றிக் காட்டும்” என்று கேளுங்கள். மாற்றலாம். கிளியையும் அருவியையும் நிறுத்தி, மனித முகம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். கிளி எந்த நிறமாயினும் நமக்கு ஒன்றே. முகத்தின் நிறம் பிழைத்தால் உடனே தெரியும். நேரே நின்று மட்டும் பாராது, பக்கத்திலும் நின்று பாருங்கள். சில திரைகள் பக்கத்திலிருந்து பார்ப்போருக்கு வெளிறிப்போகும். வீட்டுக்கு வந்தபின் யன்னலுக்கு எதிரே வையாதீர்கள். படத்துக்குப் பதில் முற்றத்து மாமரம் தெரியும். பழைய சினிமாவை அகலத் திரை இழுத்துப் பருமனாக்கினால், மெலிந்த கதாநாயகனும் மல்லனாவான். படத்தின் அளவை நாலுக்கு மூன்று என்று மாற்றிவிட்டால் அவன் பழையபடி மெலிவான்.

ஐந்தாம் பாடம் ஓசை. என் உள்ளத்தைத் தொட்ட பாடம் இதுவே.

அம்மா ஓசையைக் கூட்டிக் கூட்டி வைப்பார். அயல்வீட்டுக்கும் கேட்கும். “இவ்வளவு சத்தம் ஏன்?” என நான் பலமுறை சினந்ததுண்டு. “சத்தம் கேக்குது மோனை, சொல்லுத்தான் விளங்கேல்லை” என்பார். அதனை முதுமையின் பிடிவாதம் என்று எண்ணினேன். அது பிடிவாதமன்று. முதுமையில் காது முதலில் இழப்பது உச்சத்தொனிகளை. க, ச, த, ப என்னும் மெய்யோசைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய உதவுவன பெரும்பாலும் அவ்வுச்சத்தொனிகளே. உயிரோசை தாழ்ந்த தொனியில் வலிமையோடு வருவது, அது கேட்கும். அஃதாவது, உயிர் கேட்கின்றது, மெய் கேட்கவில்லை. முப்பது ஆண்டு உயிரும் மெய்யும் கற்பித்தவன், தன் வீட்டிலே தாய் மெய்யை இழந்து நிற்பதை அறியவில்லை.

பெட்டி தட்டையானதும் இத்துன்பம் மிகுந்தது. மெல்லிய உடலிலே நல்ல ஒலிபெருக்கிக்கு இடமில்லை. உள்ளதும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ நிற்கும். ஓசை சுவரில் மோதித் திரும்பி வரும்போது மெய்கள் மேலும் மழுங்கும். ஆகவே கடையிலே ஓசையைத் தாழ்த்தி, ஒருவர் பேசும் பேச்சைக் கேளுங்கள். பாட்டைக் கேட்டு மயங்காதீர்கள். பேச்சைத் தெளிவாக்கும் அமைப்பு இக்காலப் பெட்டிகள் பலவற்றில் உண்டு, அதனைத் தேடுங்கள். திரைக்குக் கீழே வைக்கும் சவுண்ட்பார் என்னும் நீண்ட ஒலிபெருக்கி முன்நோக்கிப் பேசும். நான் திரையின் அளவைக் குறைத்து மிஞ்சிய பணத்தில் அதனை வாங்கினேன். இவற்றுக்கெல்லாம் முன்னே காது வைத்தியரிடம் ஒருமுறை காட்டுதல் நன்று.

ஆறாம் பாடம் கை. முதல் முறை நான் தனியே கடைக்குப் போனேன். இம்முறை அம்மாவையும் ஓட்டோவில் கூட்டிச் சென்றேன். கடைத் தம்பி நல்ல பிள்ளை. கதிரை ஒன்று கேட்டேன். ஓடிப்போய்க் கொண்டு வந்து, ஏழு அடி தள்ளிப் போட்டான். அம்மா இருந்தார். படத்தை அவர் அதிகம் பார்க்கவில்லை. றிமோட்டை வாங்கித் தடவிப் பார்த்தார்.

“இதிலை நிப்பாட்டுறது எது தம்பி?”

“இது அம்மா. மேலை கிடக்கிற சிவப்பு.”

“சத்தம் குறைக்கிறது?”

“உது.”

“அது இருட்டிலை எனக்குத் தெரியுமோ?”

தம்பி சிரிக்கவில்லை. வேறு மூன்று பெட்டிகளின் றிமோட்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாய் அவர் கையிற் கொடுத்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அமத்திப் பார்த்தார். மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு, “இது நல்லாய் இருக்கு” என்றார். அதுவே நாங்கள் வாங்கிய 43 அங்குலப் பெட்டி.

இன்னும் ஒன்று கேட்டறிந்தேன். திறந்தவுடன் பலவகைப் பட்டியல்களைக் காட்டி நின்ற முந்திய பெட்டியைப் போலன்றி, கடைசியாகப் பார்த்த இடத்திலேயே திறக்கும்படி பெட்டிகள் பலவற்றை அமைக்கலாம். செய்மதிப் பெட்டியையும் திரையையும் ஒரே றிமோட்டால் இயக்கும் வழியும் பலவற்றில் உண்டு. இரண்டையும் கடையிலேயே செய்து காட்டச் சொன்னேன். முதன்முதல் பெட்டியைத் திறக்கும்போது, ஒப்புக்கொள்கின்றேன் என்று அமத்தச் சொல்லும் பக்கங்களையும் மகனோடு இருந்து படித்தேன். அமெரிக்காவில் விசியோ என்னும் நிறுவனம், வீட்டார் எதைப் பார்க்கின்றனர் என்பதனை அவர்களின் இசைவு பெறாது திரட்டிய வழக்கில், 2017ஆம் ஆண்டு 22 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது. நாம் பெட்டியைப் பார்க்கின்றோம். பெட்டியும் நம்மைப் பார்க்கலாம். வேண்டாதவற்றுக்கு வேண்டாம் என்றே விடையளித்தோம்.

ஏழாம் பாடம் கால். புதிய பெட்டிகள் பலவற்றுக்கு இரு கோடியிலும் இரு கால். பழைய மேசை அகலம் போதாமற் போகலாம், அளந்து பாருங்கள். மெல்லிய பெட்டி எளிதிற் சரியும். பிள்ளைகள் உள்ள வீடாயின் பின்னே சுவரோடு வாரிட்டுக் கட்டுங்கள். உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அதில் திரையும் அடங்குமோ, திருத்துவது உள்ளூரிலோ கொழும்பிலோ என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். இடி முழங்கினால் ஆளியை மூடுவது மட்டும் போதாது. மின்செருகியையும் அன்ரனாக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். இந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த கட்டணம் பெரிது.

நிற்க. இவ்வேழையும் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இவற்றுள் ஒன்றேனும் மின்னியல் அறிந்தவருக்கே உரியதன்று. அளவுநாடா, கண், காது, கை, சிற்றெழுத்தைப் படிக்கும் பொறுமை ஆகிய இவையே கருவி. கடைத் தம்பிக்குப் பெட்டியைத் தெரியும். நம் வீட்டு அறையும், அங்கே இருப்பவரின் கண்ணும் காதும் நமக்குத்தான் தெரியும். நாம் சொல்லவேண்டியதைச் சொன்னால், அவர் தரவேண்டியதைத் தருவார்.

றிமோட்டில் இரண்டு இடங்களில் மனைவி நகப்பூச்சினாற் பொட்டிட்டு வைத்தாள். திறக்க ஒரு பொட்டு; ஓசைக்கு ஒரு பொட்டு.

சென்ற வாரம் பரீட்சை மேற்பார்வை நேரத்தோடு முடிந்தது. பதினொரு மணிக்கு வீடு வந்தேன். படலையிலேயே செய்தி வாசிக்கும் குரல் கேட்டது. உள்ளே நுழைந்தேன். அம்மா திரும்பிப் பார்த்தார்.

“வந்திட்டியோ மோனை? பொறு, சத்தத்தைக் குறைக்கிறன்.”

விரலாற் பொட்டைத் தேடினார். குறைத்தார்.